நல்ல பச்சைத் தேயிலையைத் தெரிவுசெய்வது எப்படி?

எம்மவர் வீடுகளில் இப்போது பால்தேநீருக்கும் வெறுந்தேநீருக்கும் பக்கத்தில் பச்சைத் தேயிலைப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. உடம்பை மெலிய வைக்கும், கொழுப்பைக் குறைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு வாங்கியிருப்போம். கொதிநீரை ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, முகத்தைச் சுழித்துக்கொண்டு குடிப்போம். "மருந்தென்றால் கசக்கத்தானே செய்யும்" என்று எம்மையே தேற்றிக்கொள்வோம். ஆனால் அந்தக் கசப்பில் பெரும்பகுதி நாம் வாங்கிய இலையாலும், ஊற்றிய கொதிநீராலும் வந்ததே.

பச்சைத் தேயிலை என்றால் என்ன?

கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் ஒரே செடியிலிருந்துதான் வருகின்றன. பறித்த கொழுந்தை நசுக்கிக் காற்றுப் படவிட்டால் அது கறுத்துவிடும். அப்படிக் கறுக்காதபடி விரைவில் சூடாக்கினால் பச்சைத் தேயிலை. ஜப்பானியர் இதைப் பெரும்பாலும் நீராவியில் செய்கிறார்கள். சீனர் பெரும்பாலும் சூடான இரும்புச் சட்டியில் வறுக்கிறார்கள். அதனால்தான் நல்ல சீனப் பச்சைத் தேயிலையில் வறுத்த பயற்றை நினைவூட்டும் மணம் இருக்கிறது.

இவற்றுள் பெயர்பெற்றது செஜியாங் மாகாணத்தின் ஹாங்சோ நகரைச் சூழ்ந்த மலைகளில் விளையும் லொங்ஜிங். சட்டியில் கையால் அழுத்தி வறுப்பதால் இதன் இலை தட்டையாக இருக்கும். ஜியாங்சு மாகாணத்தின் பிலோசுன் சிறு சுருளாக, வெண்மையான பூமயிருடன் இருக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கன்பவுடர் உருண்டை உருண்டையாக இருக்கும்.

ஏப்ரல் 4 அல்லது 5ஆம் திகதி வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த கொழுந்துக்கே விலை அதிகம். குளிர்ந்த இளவேனிலில் வரும் கொழுந்தில் இனிமை தரும் தியனின் கூடுதலாகவும், கசப்பும் துவர்ப்பும் தரும் கற்றெக்கின் குறைவாகவும் இருக்கும். கோடை வெயில் பட்ட இலையில் இது தலைகீழாகும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

- பறித்த ஆண்டும் விளைந்த இடமும் பொதியில் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சைத் தேயிலை வைத்திருக்க வைத்திருக்க மணம் இழக்கும். ஓராண்டுக்குள் குடித்து முடிப்பது நல்லது.
- இலை முழுதாகவும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். தூளும் காம்பும் மலிந்திருந்தால் வேண்டாம்.
- நிறம் உயிர்ப்புடன் இருக்க வேண்டும். பழுப்பேறியது பழையதாக இருக்கலாம். லொங்ஜிங்கில் மட்டும் இலேசான மஞ்சள் கலந்த பச்சை இயல்பே.
- "மேற்கு ஏரி லொங்ஜிங்" விளையும் நிலப்பரப்பு சிறியது. அந்தப் பெயர் மிக மலிவாக விற்கப்பட்டால் சந்தேகப்படுங்கள்.

வீட்டில் சுவைத்துப் பார்த்தல்

தேயிலை மதிப்பிடுவோர் 3 கிராம் இலைக்கு 150 மில்லிலீற்றர் கொதிநீரை ஊற்றி 4 நிமிடம் விடுவார்கள். கொதிநீர் குறைகளை ஒளிக்காது. நாமும் இரண்டு வகைத் தேயிலையை வாங்கி, ஒரே மாதிரியான வெள்ளைக் கோப்பைகளில் பக்கம் பக்கமாக இப்படிச் செய்து பார்க்கலாம். நீர் தெளிந்து வெளிர்பச்சையாகவோ இளமஞ்சளாகவோ இருக்க வேண்டும். ஒரு வாய் உறிஞ்சி நாக்கெங்கும் படவிடுங்கள். நல்ல தேயிலையில் கசப்பு விரைவில் மறைந்து, தொண்டையில் இனிப்பு எழும். மட்டமானதில் துவர்ப்பு நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் ஊறிய இலையை விரித்துப் பாருங்கள். மொட்டும் இளம் இலையும் மென்மையாக இருந்தால் நல்ல பறிப்பு.

அன்றாடம் குடிப்பதற்குக் கொதிநீர் வேண்டாம். 200 மில்லிலீற்றருக்கு 2 முதல் 3 கிராம் இலை, 80 பாகை செல்சியஸ் நீர், 2 நிமிடம் போதும். வெப்பமானி இல்லாவிட்டால் மூன்று பங்கு கொதிநீருடன் ஒரு பங்கு குளிர்நீரைக் கலந்துவிட்டு இலையில் ஊற்றுங்கள். அதே இலையில் இன்னும் இரண்டு தடவை ஊற்றலாம். மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் இருக்கும் அலுமாரியில் தேயிலையை வைக்காதீர்கள். அந்த மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். காற்றும் வெளிச்சமும் புகாத தகரப் பேணியே நல்லது.

உடல்நலம் பற்றிச் சில வார்த்தைகள்

முதலாவது, சோறு சாப்பிட்ட கையோடு குடிக்கும் பழக்கம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தேநீர் தடுக்கிறது. எம் பெண்களில் இரத்தச்சோகை உள்ளவர்களும் மரக்கறி மட்டும் உண்பவர்களும் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

இரண்டாவது, மெலிவதற்கென விற்கப்படும் பச்சைத் தேயிலை மாத்திரைகள். இவற்றால் குறையும் எடை மிகச் சிறிது என்றே 2012இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத்தொகுப்பு முடிவுசெய்தது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஈ.ஜி.சி.ஜி. என்னும் கற்றெக்கினை மாத்திரையாக எடுத்தவர்களிடம் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிந்ததாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் எச்சரித்தது. கோப்பையில் ஊறவைத்துக் குடிக்கும் தேநீர் பொதுவாகப் பாதுகாப்பானது என்றும் அதே அறிக்கை கூறியது.

மூன்றாவது, இதிலும் கஃபீன் உண்டு. கர்ப்பிணிகள் கோப்பி, கோலா எல்லாவற்றையும் சேர்த்து நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் கஃபீனை நிறுத்திக்கொள்ள வேண்டும். வார்பரின், நாடோலோல் போன்ற மருந்துகள் எடுப்பவர்கள் முதலில் தமது வைத்தியரிடம் கேட்பது அவசியம்.

ஆகவே நோய் தீர்க்கும் என்று நம்பிப் பெரிய பெட்டியாக வாங்க வேண்டாம். 50 கிராம் நல்ல இலையை வாங்கி, சீனி இல்லாமல் குடித்துப் பாருங்கள். சீனி போட்ட பானம் ஒன்றுக்குப் பதிலாக இதைக் குடிக்கப் பழகினால், அதுவே எமக்குக் கிடைக்கும் நல்ல பயன்.