கழிவுநீர்க் குழாய்க்கும் கணக்கு உண்டு!

வீடு கட்டுகிறவர்கள் சமையல் அறை எங்கே, பூஜை அறை எங்கே என்று பல நாள் யோசிக்கிறார்கள். கழிவுநீர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று யோசிப்பவர்கள் சிலரே. கடைசி நாளில் மண்ணைத் தோண்டி, குழாயைப் புதைத்து மூடிவிடுகிறார்கள்.

தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது!

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள தொழில் நகரம் மறைமலை நகர். தமிழறிஞர் மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கியது. அந்த வட்டாரத்தில் இருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை தொழிற்சாலைகள். அவற்றைச் சுற்றிப் புதுப்புது வீடுகள். பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களில் செப்டிக் டாங்க்தான் துணை.

ஏன் நீளக் குழாய்?

கழிப்பறை பெரும்பாலும் வீட்டின் பின்புறம் இருக்கும். செப்டிக் டாங்கைச் சுத்தம் செய்யும் லாரியோ தெருவில்தான் நிற்க முடியும். ஆகவே தொட்டி முன்புறம் அமைகிறது.

குடிநீர்க் கிணறும் ஒரு காரணம். தொட்டியில் இருந்து வெளியேறும் நீரை வாங்கும் உறிஞ்சு குழி, கிணற்றுக்கு 60 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். இதனால் சில வீடுகளில் குழாய் 100 அடி நீண்டுவிடும்.

சரிவுதான் உயிர்

ஒரு வீட்டுக்கு 4 அங்குலக் குழாய் போதும். 40 அடி தூரத்துக்கு 1 அடி சரிவு கொடுக்கலாம். அப்படியானால் 100 அடிக்கு இரண்டரை அடி இறக்கம்.

வீட்டருகே 1 அடி ஆழத்தில் புறப்படும் குழாய், தொட்டியை மூன்றரை அடி ஆழத்தில் சேரும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகே தொட்டிக்குக் குழி வெட்ட வேண்டும். தொட்டியை மேலாகக் கட்டிவிட்டால் குழாய்க்குச் சரிவு கிடைக்காது. தண்ணீர் ஓடிவிடும், கழிவு தங்கிவிடும்!

பெரிய குழாய் போட்டால் அடைக்காது என்று எண்ணுவது தவறு. ஒரு வீட்டுத் தண்ணீர் பெரிய குழாயில் மெல்லியதாகப் பரவும். கழிவைத் தள்ளும் வேகம் அதற்கு இராது.

குழாய் நேராகப் போவது நல்லது. திரும்பும் இடம் ஒவ்வொன்றிலும், நேர் வழியில் 100 அடிக்கு ஒன்றும், மூடியுள்ள சேம்பர் கட்ட வேண்டும். அடைப்பு வந்தால் மேலே நின்றபடியே குச்சி விட்டு எடுத்துவிடலாம். மண்ணை மூடுமுன் தண்ணீர் விட்டுப் பார்ப்பதும் அவசியம்.

இறங்கினால் ஆபத்து!

தொட்டிக்குள் விஷவாயு உண்டு. 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு விடுதியின் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய 3 தொழிலாளர்கள் மாண்டனர். தக்க பாதுகாப்பு இன்றி ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

பணம் வரலாம், போன உயிர் வருமா?

இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை லாரியை அழைத்துத் தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள். தொட்டி மூடியையும் சேம்பர் மூடிகளையும் தரைக்கு அடியில் மறைக்காதீர்கள். குழாய் போன வழியையும் ஆழத்தையும் ஒரு காகிதத்தில் வரைந்து, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.