ஏறிய உயரம் எங்கே போகிறது?

அமெரிக்காவின் கிழக்கே, அப்பலாச்சியன் மலைத்தொடரின் முதுகின்மேலேயே ஓடுகிறது புளூ ரிட்ஜ் பார்க்வே. வர்ஜீனியாவில் தொடங்கி வட கரோலினாவின் செரோக்கி அருகே முடியும் இந்தச் சாலையின் நீளம் 755 கிலோமீட்டர். 1935இல் தொடங்கிய வேலை 1987இல்தான் முடிந்தது. சரக்கு லாரிகளுக்கு இங்கே அனுமதி இல்லை. கார்கள்கூட மணிக்கு 72 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அதனால்தான் இலையுதிர்காலத்தில் நெடுந்தூரச் சைக்கிள்காரர்கள் கூடாரமும் பைகளுமாக இதைத் தேடி வருகிறார்கள். கணவனும் மனைவியும் ஒரே சைக்கிளை மிதித்து வருவதும் உண்டு.

சாலையின் மிகத் தாழ்ந்த இடம் ஜேம்ஸ் ஆற்றங்கரை, 198 மீட்டர். உச்சம் ரிச்லாண்ட் பால்சம், 1,845 மீட்டர். வித்தியாசம் 1,647 மீட்டர்தானே என்று நினைத்துவிட வேண்டாம். ஏறியதையெல்லாம் இறக்கிவிட்டு மறுபடி ஏறவைக்கும் சாலை இது. மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் எவரெஸ்ட்டின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டும்.

இங்கே எல்லாவற்றையும் முடிவுசெய்வது உயரம்தான். முதலில் நிறத்தைப் பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஆகவே இலையுதிர்காலம் அக்டோபர் தொடக்கத்தில் சிகரங்களில் பிறந்து, மாதக் கடைசியில் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. பகல் சுருங்கியதும் மரம் இலையின் பச்சையத்தைச் சிதைத்து, அதிலுள்ள நைட்ரஜனைத் தண்டுக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் கோடை முழுக்க அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சள் வெளிப்படும். ஆனால் மேப்பிளின் சிவப்பு மறைந்திருந்த நிறமல்ல. இலைக்காம்பின் அடி அடைபடும்போது உள்ளே தங்கிவிடும் சர்க்கரையைக் கொண்டு, மரம் ஆந்தோசயனினைப் புதிதாகத் தயாரிக்கிறது. உதிரப்போகும் இலைக்காக இவ்வளவு மெனக்கெடுகிறதே என்பது எனக்குத் தீராத வியப்பு. வெயில் பளிச்சென்ற பகலும், உறையாத குளிர் இரவும் அடுத்தடுத்து வந்தால் சிவப்பு கூடும். உச்சியில் மொட்டை மரம், நடுச்சரிவில் தீப்பிடித்த நிறம், கீழே இன்னும் பச்சை. சைக்கிளில் இறங்குகிறவர்கள் ஒரே மதியத்தில் சில வாரங்களைக் கடந்துவிடுகிறார்கள்.

இனி உடம்பின் கணக்கு. இருவர், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 160 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 600 மீட்டர் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறத்தாழ 940 கிலோஜூல் வேண்டும். தசை, உணவின் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி முக்கால் பங்கு வெப்பம். ஆக, அந்த ஏற்றத்துக்கு இருவரும் சுமார் 900 கிலோகலோரி எரிக்க வேண்டும். குளிர்காற்றிலும் சட்டை நனைவது இதனால்தான்.

இரண்டு தனித்தனி சைக்கிளில் போனால் ஏற்றத்தில் ஒருவர் முந்திவிடுவார். வியர்வையோடு உச்சியில் காத்து நின்று நடுங்குகிறவரும் அவரே. இருவர் மிதிக்கும் டேண்டம் சைக்கிளில் இந்தப் பிரச்சினை இல்லை. இருவரின் பெடல்களையும் ஒரு செயின் இணைக்கிறது. ஒருவர் தளர்ந்தால் மற்றவர் கால் ஈடுகட்டும். முன்னால் இருப்பவர் கேப்டன். பின்னால் இருப்பவர் ஸ்டோக்கர். நீராவி ரயிலில் கரி அள்ளிப் போட்டவரின் பெயர் அது. ஹேண்டிலைத் திருப்பும் உரிமை அவருக்கு இல்லை. முன்னால் இருப்பவரை நம்பித்தான் உட்கார வேண்டும்.

அந்த நம்பிக்கைக்குச் சோதனை இறக்கத்தில் வருகிறது. எடை இரட்டிப்பாகிறது, ஆனால் எதிர்க்காற்றில் மோதும் பரப்பு அதே அளவுக்குக் கூடுவதில்லை, ஒருவர் மற்றவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறாரே. நூற்றுக்கு ஆறு சரிவில் பிரேக் தொடாமல் விட்டால் தனி சைக்கிள் மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டி நிலைகொள்ளும்; டேண்டம் 55ஐத் தொடும். ஏறும்போது சேமித்த 940 கிலோஜூலும் இப்போது எங்காவது போயாக வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் அது. வேகமாகப் போனால் பெரும்பகுதி காற்றுக்குப் போய்விடும். பயந்து 25 கிலோமீட்டரில் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக்கில் நொடிக்கு 500 ஜூல் அளவில் வெப்பம் சேரும். இஸ்திரிப் பெட்டியைச் சக்கரத்தில் கட்டியதுபோல. ரிம் கொதித்தால் டியூபே வெடிக்கலாம். ஆகவே நேர்ச்சாலையில் காற்றைப் பிரேக்காக்கி, வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டுவிட வேண்டும். நீண்ட இறக்கத்தில் நடுவே நின்று ரிம்மை ஆறவிடுவதே விவேகம்.

அதே இறக்கத்தில் குளிரும் தாக்கும். 5 டிகிரி வெப்பநிலையில் 50 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால், தோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே தெரியும். நனைந்த சட்டையிலிருந்து ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. அதில் பெரும்பங்கை உடம்புதான் கொடுக்க வேண்டும். விரல் மரத்தால் பிரேக்கை அழுத்த முடியாது. உச்சியில் உலர்ந்த சட்டை மாற்றி, நெஞ்சில் ஒரு செய்தித்தாளைச் செருகிக்கொள்வது பழைய சைக்கிள்காரர்களின் வழக்கம். தாள்களுக்கிடையே சிக்கிய காற்று, குளிரைத் தடுக்கிறது.

உயரத்தின் இந்தக் கணக்கு மழைநீருக்கும் பொருந்தும். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் கொட்டிய மழை இதே சரிவுகளில் பாய்ந்து, வட கரோலினாவில் சாலையைப் பல இடங்களில் மண்ணோடு பெயர்த்துப்போட்டது. சீரமைப்பு பகுதி பகுதியாகவே நடந்தது. போக நினைப்பவர்கள் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று தேசியப் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். வழியில் 26 சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. முன்னும் பின்னும் விளக்கு அவசியம்.