கூட்டை நெருங்காதீர்கள்... கழுகு தானே காட்சி தரும்!

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோப்புகளில், மஞ்சள் கண்களும் கறுப்பு வெள்ளைக் கொண்டையுமாக ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெரிய பறவையைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கொண்டைப் பாம்புக் கழுகு. கோழிக்குஞ்சைத் தூக்க வந்த பருந்து என்று நினைத்து இதை விரட்டுபவர்கள் உண்டு. ஆனால், இதன் முக்கிய இரை பாம்பு, ஓணான், தவளை போன்றவைதான். இப்போது இதைத் தேடி கேமராவுடன் தோப்புகளுக்கு வருபவர்களும் இருக்கிறார்கள்.

படம் எடுப்பது ஏன் கடினம்?

கழுகின் பார்வை மனிதர்களைவிடக் கூர்மையானது. நாம் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது நம்மைப் பார்த்துவிடும். நேராக நடந்து போனால் பறந்துவிடும். செல்போனில் எடுத்தால் புள்ளியாகத்தான் தெரியும். 400 முதல் 600 மி.மீ. வரையிலான கனமான லென்ஸ் வேண்டும். வெயில் ஏறி, தரை சூடாகி, வெப்பக்காற்று மேலெழுந்ததும் கழுகு இறக்கையை அசைக்காமலே வட்டமடித்து உயரப் போய்விடும். அதனால், கிளையில் அமர்ந்திருக்கும் காலை நேரமே தோதானது. பறக்கும்போது எடுக்க, ஷட்டர் வேகம் நொடியில் 2,000-ல் ஒரு பங்கு அளவுக்கு இருக்க வேண்டும். வெளிச்சமான வானம் பின்னணியில் இருந்தால் பறவை கறுத்துப் போகும். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருப்பது நல்லது.

குறுக்குவழி வேண்டாம்!

இத்தனை சிரமத்துக்குப் பயந்து சிலர் கூட்டைத் தேடிப் போகிறார்கள். அங்கேதான் ஆபத்து. இந்தக் கழுகு பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். ஆள் நடமாட்டத்துக்குப் பயந்து தாய் எழுந்து போனால், முட்டை வெயிலில் கெடலாம், காக்கை கொத்தலாம். படம் தெளிவாக வரக் கிளையை வெட்டினால் கூட்டுக்கு நிழலும் மறைவும் போய்விடும். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையின் கூட்டைக் கலைப்பதும் வேட்டைக்குச் சமம்.

தோப்புக்காரர் என்ன செய்யலாம்?

படம் எடுக்க அனுமதி கேட்டு வருபவர்களிடம் மூன்று நிபந்தனைகளைச் சொல்லுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. கிளையை வெட்டக் கூடாது. கோழிக்குஞ்சைக் கட்டிவைத்து இரை காட்டக் கூடாது. டிரோனும் வேண்டாம். நடந்து வரும் ஆளைவிட, நிற்கும் வண்டிக்குப் பறவைகள் அவ்வளவாக மிரளாது. மோட்டார் அறையின் ஜன்னலும் நல்ல மறைவிடம். அங்கே சத்தமில்லாமல் காத்திருக்கட்டும். இன்று படம் கிடைக்காவிட்டால் நாளை கிடைக்கும். கலைந்த கூட்டில் இந்த வருடக் குஞ்சு கிடைக்காது.