பவர் டில்லரை வண்டியில் ஏற்றும்போது கத்தி அடிபடாமல் காப்பது எப்படி?

பவர் டில்லர் வைத்திருக்கும் விவசாயியிடம், "ரோட்டரி கத்தி எப்படி வளைந்தது?" என்று கேட்டால், வயலில் கல் தட்டிவிட்டது என்றுதான் முதலில் சொல்வார். சற்று நேரம் பேசிக் கொண்டிருந்தால் உண்மை வெளிவரும். வண்டியில் ஏற்றும்போது தளத்தின் விளிம்பில் இடித்து வளைந்திருக்கும்.

முன்பெல்லாம் பவர் டில்லர் ஒரே ஊருக்குள் உழுதது. இன்று வாடகைக்கு ஊர் ஊராகப் போகிறது. குட்டியானை என்று நாம் அழைக்கும் சிறு சரக்கு வண்டியிலோ டிராக்டர் டிரெய்லரிலோ, பருவ காலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஏறி இறங்குகிறது. ஆற்றில் தண்ணீர் வந்து, குறுவைக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் சேறு அடிக்கும் வாரத்தில், கத்தி தாங்கி வளைந்து இரண்டு நாள் இயந்திரம் நின்றால் நட்டம் பழுதுச் செலவோடு போகாது. நாற்று முற்றிவிடும், வாடகைக்குச் சொல்லி வைத்தவர் வேறு ஆளைப் பிடித்துக் கொள்வார்.

இதில் நானே பட்டு அறிந்தது ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செயல்விளக்கத்துக்காக இயந்திரத்தை ஏற்றினோம். கிடைத்தவை ஐந்தடிப் பலகைகள். கூட்டம் காத்திருக்கிறதே என்ற அவசரத்தில் "பரவாயில்லை, ஏற்றுங்கள்" என்று சொன்னவன் நான்தான். சக்கரம் தளத்தில் ஏறிவிட்டது. பின்னால் வந்த ரோட்டரி விளிம்பில் மாட்டிக் கொண்டது. ஓட்டியவர் பதறி கிளட்சைப் பிடித்தார். இயந்திரம் பின்னால் உருண்டது. கட்டப்படாத பலகை நழுவி விழுந்தது. அவர் பக்கவாட்டில் குதித்ததால் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார். ரோட்டரி மூடி நசுங்கி, மூன்று கத்திகள் வளைந்தன. அன்று செயல்விளக்கம் நடக்கவில்லை.

இடிப்பது ஏன்?

பவர் டில்லரில் ரோட்டரி இருப்பது பெரிய சக்கரங்களுக்கும் பின்னால் உள்ள சிறு வால் சக்கரத்துக்கும் நடுவில். சமதரையில் கத்திகளுக்குக் கீழே போதிய இடைவெளி இருக்கும். பலகையின் அடியில் ஏறத் தொடங்கும்போதும் இடிக்காது. அங்கே குழிவு என்பதால் இடைவெளி கூடவே செய்யும். ஆபத்து உச்சியில்தான். பெரிய சக்கரம் தளத்தில் இருக்கும், வால் சக்கரம் பலகைச் சரிவில் இருக்கும், நடுவில் தளத்தின் விளிம்பு ஆட்டின் முதுகெலும்பு போல் எழுந்து நிற்கும். அந்த எலும்பின் மேல் கத்தி அமர்ந்துவிடுகிறது.

கணக்கிட்டுப் பார்க்கலாம். இரு சக்கரங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் என்றும், ரோட்டரி சரிபாதியில் இருக்கிறது என்றும் கொள்வோம். பலகையின் நீளம் தள உயரத்தைப் போல் நான்கு மடங்கானால் விளிம்பு ஆறு செ.மீ.க்குச் சற்று மேல் எழும்பும். இரண்டு மடங்கே ஆனால் 13 செ.மீ. எழும்பும். கத்தி முனைக்கும் தரைக்கும் 13 செ.மீ. இடைவெளி விட்டு ஏற்றுகிறவர் யார்? ஆகவே பலகையைச் சுருக்குவதில் மிச்சப்படுவது எதுவும் இல்லை.

தளம் இரண்டேகால் அடி உயரமானால் பலகை ஒன்பது அடி. மூன்று அடி உயர டிரெய்லருக்குப் பன்னிரண்டு அடி. இதைவிடக் குறைவான பலகையோடு யார் வந்தாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

பலகை

12, 13 குதிரைத் திறன் உள்ள பவர் டில்லர் ரோட்டரியோடு சேர்த்து ஏறத்தாழ 400 முதல் 500 கிலோ இருக்கும். பெரும்பகுதி எடை இரண்டு சக்கரங்களின் மேல் இறங்குகிறது. ஒன்பது அடிப் பலகையின் நடுவில் 250 கிலோ நிற்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு அடி அகலம், மூன்று அங்குல கனம் உள்ள வைரம் பாய்ந்த மரம் இதைத் தாங்கும். இரண்டு அங்குலப் பலகையை நம்பக் கூடாது. கனம் இரட்டித்தால் தாங்கும் வலு நான்கு மடங்காகும் என்பதால், அகலத்தைவிடக் கனமே முக்கியம். பன்னிரண்டு அடிக்கு மூன்று அங்குலமும் போதாது. நடுவில் உறுதியான மரக்கட்டையால் கட்டாயம் அண்டை கொடுக்க வேண்டும். உளுத்த பலகை, குறுக்கே முடிச்சு விழுந்த பலகை, மழையில் நனைந்து பாசி படிந்த பலகை ஆகியவை அடுப்புக்குத்தான். சக்கரம் வழுக்காதிருக்க, ஓர் அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் அறைந்து கொள்வது நலம்.

பலகை இரண்டு அல்ல, மூன்று வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. நடுப் பலகை வால் சக்கரத்துக்கும், பின்னால் நடப்பவரின் காலுக்கும். அது இல்லாவிட்டால் வால் சக்கரம் இடைவெளியில் தொங்கும். கைப்பிடியின் பாரம் முழுவதும் மனிதன் கையில் விழும். அவர் தளர்ந்த கணத்தில் கத்தி விளிம்பைத் தொடும்.

பலகையின் மேல்முனையில் இரும்புக் கொக்கி பொருத்தித் தளத்தோடு மாட்டுங்கள், சங்கிலியாலும் கட்டுங்கள். சக்கரம் முன்னே ஏறும்போது பலகையைப் பின்னே உதைக்கிறது. கட்டாத பலகை நழுவுவது தற்செயல் அல்ல, நழுவத்தான் செய்யும். சரக்கு வண்டிக்குக் கைப்பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். பாரம் ஏறும்போது வண்டியின் பின்பகுதி கீழே அமுங்கும். தளத்தின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு மரக்கட்டையை நிறுத்தினால் அந்த ஆட்டம் நிற்கும்.

பலகையே வேண்டாத வழியும் உண்டு. வண்டியைப் பள்ளத்தில் நிறுத்தி, மேட்டிலிருந்து நேராக ஏற்றுவது. களத்து மேடு, ரோட்டோரக் கரை, கல் கட்டிய வாய்க்கால் கரை எதுவும் ஆகலாம். நம் பெரியவர்கள் மாட்டு வண்டியில் மரம் ஏற்றியது இப்படித்தான். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல முறை இல்லை. ஈரக் கரையின் ஓரம் இடிந்து விழும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மேடு கிடைக்காத இடத்தில், வண்டியின் பின் சக்கரங்களை அரையடி ஆழப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தினால் பலகையில் இரண்டடி மிச்சமாகும். பாரத்தோடு வெளியேற, பள்ளத்தின் முன்பக்கத்தைச் சரிவாக வெட்ட வேண்டும். களிமண் ஈரமாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

ஏற்றும் முறை

கூண்டுச் சக்கரம் பூட்டியிருந்தால் கழற்றிவிட்டு டயர் சக்கரத்தை மாட்டவும். இரும்புத் தளத்தில் இரும்பு வழுக்கும். இரு டயர்களிலும் காற்று சமமாக இருக்கட்டும். ரோட்டரி லீவரை நியூட்ரலில் வைத்து, வால் சக்கரத்தை முழுவதும் கீழே இறக்கினால் கத்திகள் மேலே எழும். சக்கரங்கள் வந்து நிற்கும் தடத்தில், தளத்தின் மேலேயே விளிம்பை ஒட்டி இரண்டு அங்குல கனத்தில் மூன்றடித் துண்டுப் பலகைகளை நகராமல் கட்டி வைத்தால், ரோட்டரி விளிம்பைக் கடக்கும் நேரத்தில் மேலும் ஓர் அங்குலம் உயரம் கிடைக்கும்.

தரையிலேயே இயந்திரத்தைப் பலகைக்கு நேராக நிறுத்தி, முதல் கியரில், குறைந்த வேகத்தில், முன்னோக்கி ஏற்ற வேண்டும். பின்னோக்கி ஏற்றினால் ஓட்டுபவர் கைப்பிடிக்கும் வண்டியின் முன் தடுப்புக்கும் நடுவில் சிக்கிக் கொள்வார். பலகை மேல் இருக்கும்போது கியர் மாற்றக் கூடாது. மெயின் கிளட்சைத் தொடக் கூடாது. திருப்பும் கிளட்சுகளை அறவே தொடக் கூடாது. சமதரையில் இடது கிளட்சைப் பிடித்தால் இயந்திரம் இடது பக்கம் திரும்பும். சரிவில் இறங்கும்போது பிடித்தாலோ, விடுபட்ட இடச் சக்கரம் வேகமாக உருண்டு, இயந்திரம் எதிர்ப்பக்கம் பாயும். கைப்பழக்கம் காலை வாரிவிடும் இடம் இது. கோணலாக ஏறினால் மெல்ல அதே கியரில் விளிம்புக்கு வரும் முன் கைப்பிடியை உடலால் தள்ளி நேராக்கலாம். முடியாவிட்டால் பதறாமல் கிளட்ச் லீவரைப் பிரேக் நிலை வரை இழுத்து நிறுத்த வேண்டும். பாதியில் விட்டால் இயந்திரம் உருளும். உதவியாள் பக்கவாட்டில் நின்று, நீளக் கயிறு கட்டிய முட்டுக்கட்டையைச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளலாம். இயந்திரத்துக்கு நேர் பின்னே ஓட்டுபவரைத் தவிர யாரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை முதலிலேயே விரட்டிவிடுங்கள்.

இறக்கும்போது பின் கியரில், மிகக் குறைந்த வேகத்தில். கிளட்சைச் சட்டென்று விட்டால் கைப்பிடி மேலே துள்ளும். மோவாயில் அடிபட்டவர்கள் உண்டு. இங்கும் ரோட்டரி அதே விளிம்பைத்தான் கடக்கிறது. ஆகவே பலகை, துண்டுப் பலகை, வால் சக்கரம் எல்லாம் ஏற்றியபோது இருந்தபடியே இருக்கட்டும்.

ஏற்றியபின் இஞ்சினை நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கயிற்றைக் கைப்பிடியிலோ பெல்ட் மூடியிலோ கட்டாமல் அடிச்சட்டத்தில் கட்டி, நான்கு மூலைக்கும் இழுக்க வேண்டும். டிரெய்லரானால் பாரம் பின்பக்கம் ஒதுங்காமல் அச்சுக்குச் சற்று முன்னே இருக்கட்டும். ஐந்து கி.மீ. போனதும் வண்டியை நிறுத்திக் கயிற்றைத் தொட்டுப் பாருங்கள். குலுக்கலில் டயர் அமுங்கிக் கயிறு தளர்ந்திருக்கும், இன்னொரு முறை இறுக்க வேண்டியிருக்கும்.