மறதியற்ற இணையமும் மனிதனின் அந்தரங்கமும்

அரசுப் பொதுத்தேர்வு முடிவுகள் நாளிதழ்களில் அச்சாகி வந்த காலத்தை மூத்தோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். பக்கம் பக்கமாகப் பதிவெண்கள் மட்டுமே இருக்கும், பெயர் இராது. தேநீர்க் கடையில் அத்தாளை ஊரே புரட்டிப் பார்க்கும். எனினும் எந்த எண் யாருடையது என்பது, எண்ணுக்கு உரியவருக்கும் அவர் சொல்லி வைத்த ஓரிருவருக்கும் மட்டுமே தெரியும். தேறியவர் மிட்டாய் வாங்க ஓடுவார். தேறாதவர் தாளை மடித்து வைத்துவிட்டு மெல்ல வீடு திரும்பலாம். ஊரறிய வெளியான செய்திக்குள்ளேயே ஒருவருடைய அந்தரங்கம் பத்திரமாக இருந்தது. பெயரை எடுத்துவிட்டு எண்ணை வைத்தால் ஆள் மறைந்துவிடுவார் என்னும் நம்பிக்கை அன்று பொய்க்கவில்லை.

அந்நம்பிக்கை இணைய யுகத்தில் எவ்வாறு தகர்ந்தது என்பதை விளக்க 2006ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று போதும். அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம், ஆய்வாளர்களுக்குப் பயன்படட்டும் என்று கருதி, தன் தேடுபொறியில் ஏறத்தாழ ஆறரை இலட்சம் பேர் மூன்று மாதங்களில் தேடிய சுமார் இரண்டு கோடித் தேடல்களை அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியிட்டது. பெயர்களை நீக்கி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணை இட்டிருந்தது. சில நாள்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் செய்தியாளர்கள் அவ்வெண்களுள் ஒன்றுக்குரிய மூதாட்டியைக் கண்டுபிடித்து, அவரையே சந்தித்துவிட்டனர்! மாயமந்திரம் ஏதுமில்லை. அவர் தம் ஊரில் தோட்டவேலை செய்வோரைத் தேடியிருந்தார். தம் குடும்பப் பெயர் கொண்ட சிலரைத் தேடியிருந்தார். வளர்ப்பு நாயின் தொல்லையைப் பற்றித் தேடியிருந்தார். தனித்தனியே பார்த்தால் ஒன்றுமற்ற இச்சொற்களை அடுக்கியபோது ஆள் தெரிந்துவிட்டார். இன்னொன்றும் உண்டு. அவர் பல நோய்களைப் பற்றித் தேடியிருந்தார். பட்டியலை மட்டும் பார்ப்பவர் அவரை நோயாளி என்றே முடிவு கட்டியிருப்பார். ஆனால் அவற்றுள் பல, தோழியரின் கவலையைத் தீர்க்க அவர் தேடியவை. ஆக, அப்பட்டியல் ஆளைக் காட்டிக் கொடுத்ததோடு, அவரைப் பற்றித் தவறாகவும் சொல்லியது. நிறுவனம் பட்டியலை விலக்கிக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. அதற்குள் அதன் படிகள் எங்கெங்கோ பரவிவிட்டன.

தமிழ் மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையில் நக்கீரர் எவர் பெயரையும் சொல்லவில்லை. பிரிந்த தலைவியின் துயரத்தைப் பாடும் அப்பாட்டு அகம் என்றே கொள்ளத்தக்கது. ஆயினும் பாசறையில் அரசனுக்கு முன்னே செல்லும் வேலில் வேம்பு சூட்டப்பட்டிருந்தது என்னும் ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அவ்வொரு குறிப்பால் தலைவன் இன்னான் என்று தெரிந்துவிடுகிறது. ஆகவே இது புறமே என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். பெயரை மறைத்தால் மட்டும் போதாது, ஓர் அடையாளம் எஞ்சினாலும் அகம் புறமாகிவிடும் என்பதை நம் உரையாசிரியர் என்றோ கண்டுகொண்டார். இணையத்தில் நாம் விட்டுச்செல்லும் வேப்பந்தழைகளுக்கோ கணக்கில்லை.

அவை எவ்வாறு சேர்கின்றன என்று காண்போம். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மாண்டுல்லி ஒரு சிறு சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. இணையக் கடையில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த பக்கத்திற்குச் சென்றால், வந்தவர் யார் என்பதைக் கணினி மறந்துவிடும், கூடை காலியாகிவிடும். எனவே வருகையாளரின் கணினியிலேயே ஒரு சிறு குறிப்பை எழுதி வைத்து, அவர் மீண்டும் வரும்போது அதைப் படித்துக்கொள்ளும் முறையை அவர் வகுத்தார். ‘குக்கி’ என்பது அக்குறிப்பின் பெயர். கடைக்காரர் நம்மை நினைவில் வைத்திருப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு பக்கத்தில் நாம் காணும் விளம்பரம், அப்பக்கத்தை நடத்துபவரிடமிருந்து வருவதில்லை. விளம்பர நிறுவனம் ஒன்றிடமிருந்து வருகிறது. அந்நிறுவனமும் தன் குறிப்பை நம் கணினியில் எழுதுகிறது. ஜவுளிக்கடை, மருந்துக்கடை, புத்தகக்கடை ஆகிய எல்லாவற்றின் வாசலிலும் ஒரே ஆள் நின்று, நாம் நுழைவதையெல்லாம் ஒரே ஏட்டில் எழுதினால் எப்படியிருக்கும்? நடப்பது அதுவே.

கணினியை விட்டுத் தெருவுக்கு வந்தாலும் நிலைமை வேறன்று. 2016இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையால் பத்து ரூபாய்த் தேநீருக்கும் கைப்பேசியில் பணம் செலுத்துகிறோம். சில்லறைத் தொல்லை ஒழிந்தது. பூ விற்கும் அம்மையாரின் கூடையிலும் கட்டச் சதுரம் ஒட்டிய அட்டை இருக்கிறது. இதைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் முன்பு கல்லாப் பெட்டியில் விழுந்ததும் மறந்துபோன தேநீர், இன்று நாள், நேரம், தொகை ஆகியவற்றோடு எங்கோ ஒரு பதிவாக நிற்கிறது.

ஊரில் என்ன அந்தரங்கம் இருந்தது, அண்டை வீட்டார்க்குத் தெரியாத செய்தி உண்டா என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தபால்காரருக்கு நம் கடிதங்கள் வரும் ஊர் தெரியும்; மளிகைக்காரருக்கு நம் கடன் தெரியும்; வைத்தியருக்கு நம் நோய் தெரியும். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டே தெரியும். துண்டுகளைச் சேர்த்துத் தைப்பவர் எவருமில்லை. அதனினும் மேலாக, அவர்கள் மறந்தார்கள். பத்தாண்டுக்கு முன் பட்ட கடனை ஊர் மறந்தது. இளமையில் செய்த பிழையை உறவினர் மறந்தனர், அல்லது மறந்ததுபோல் இருந்தனர். நம் அந்தரங்கத்தைக் காத்தது சுவரோ பூட்டோ அன்று, மனிதரின் மறதியே என்று தோன்றுகிறது. இணையம் பறித்துக்கொண்டது அதைத்தான்.

இம்மறதியைச் சட்டத்தின் வழியாகத் திரும்பப் பெற முயன்றார் ஸ்பெயின் நாட்டவர் ஒருவர். சமூகப் பாதுகாப்பு நிலுவைக்காக அவருடைய சொத்து ஏலத்துக்கு வந்ததாக 1998இல் ஒரு நாளிதழில் சிறு அறிவிப்பு வெளியாயிற்று. கடன் தீர்ந்தது. ஆண்டுகள் கழிந்தபின் நாளிதழின் பழைய பக்கங்கள் இணையத்தில் ஏறின. அவர் பெயரைக் கூகுளில் தேடினால் ஏல அறிவிப்பு வந்து நின்றது. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்றது. தேடுபொறி அவ்விணைப்பைத் தன் முடிவுகளிலிருந்து நீக்க வேண்டும் என 2014 மே 13 அன்று தீர்ப்பாயிற்று. நாளிதழ் தன் பக்கத்தை அழிக்க வேண்டியதில்லை. பொதுவாழ்வில் ஒருவர் வகிக்கும் இடத்தையும் மக்கள் அறியவேண்டிய தேவையையும் எடைபோட்டே இதனை முடிவு செய்யவேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. பொதுப்பணத்தைக் கையாள்பவரின் கணக்கு மறக்கப்படலாகாது. ஆதலால் இந்த வரையறை சரியானதே என்பது நம் கருத்து. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மறக்கப்பட விரும்பிய அவரை, அவ்வழக்கே உலகறியச் செய்துவிட்டது!

நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வழக்குத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012இல் அவர் தொடுத்தது. 2023இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒருவருடைய தரவைப் பெறுபவர் அதன் நோக்கத்தைத் தெரிவித்துச் சம்மதம் பெற வேண்டும். தந்தவர் திருத்தவும் அழிக்கவும் கோரலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் அச்சட்டத்தில் குழந்தை. பெற்றோரின் சம்மதம் வேண்டும். இளங்கலை முதலாண்டு வகுப்பில் பாதிப்பேர் சட்டப்படி குழந்தைகள் என்பதை அவர்களே விரும்பமாட்டார்கள்.

சம்மதம் என்பதைப் பற்றி ஒரு சொல். பிறர் வீட்டில் அனுமதி பெறாமலும் சலாம் உரைக்காமலும் நுழையலாகாது. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்கிறது திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம். இதன் பின்பகுதியே நாம் ஈண்டு கருதத்தக்கது. மறுக்க இடமிருந்தால்தான் அது அனுமதி கேட்டலாகும். கைப்பேசிச் செயலி நீண்டதொரு பத்திரத்தைக் காட்டி, ‘ஏற்கிறேன்’ என்னும் பொத்தானை மட்டும் பெரிதாக வைத்து, மறுத்தால் பயன்படுத்த முடியாது என்கிறது. அப்பத்திரத்தை முழுதும் படித்தவர் எவரையும் நாம் இதுவரை சந்திக்கவில்லை.

இனி நம் வீட்டு விவகாரத்திற்கு வருவோம். ஓலைச்சுவடிகளைத் தேடி உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்தார். 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தால் சங்க நூல்களை இன்று எந்நாட்டிலிருந்தும் செலவின்றிப் படிக்கலாம். இணையத்தின் நினைவாற்றல் தமிழுக்குச் செய்த தொண்டு இது. இதனைக் கண்ட உற்சாகத்தில், நம் துறையின் பழைய மலர்களையும் வருடிகொண்டு படியெடுத்து இணையத்தில் ஏற்றலாம் என்னும் யோசனை எழுந்துள்ளது. கட்டுரைகளுக்காக அதை வரவேற்கிறோம். ஆனால் அம்மலர்களின் இறுதியில் மாணவர் பெயர், தந்தை பெயர், வீட்டு முகவரி ஆகியன ஒளிப்படத்தோடு அச்சாகியிருக்கின்றன. முந்நூறு படி அச்சாகி, பீரோக்களில் உறங்கும் என்ற நம்பிக்கையில் தரப்பட்டவை அவை. பத்தொன்பது வயதில் கண்ணீர் மல்கப் புதுக்கவிதை எழுதியவர்கள் இன்று பேரப்பிள்ளைகளுடன் இருக்கிறார்கள். முகவரிப் பக்கங்களை முற்றிலும் விட்டுவிடலாம். கவிதைகளுக்கு, எழுதியவர்களைத் தேடிப் பிடித்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏற்றலாம். வேண்டாம் என்பவரின் பக்கத்தை எடுத்துவிடலாம். இதற்கு ஓராண்டு கூடுதலாக ஆகும் எனின், ஆகட்டும்.