காவலர்க்கும் படைவீரர்க்கும் துணை நாய்கள்

செம்பூரில் ரயிலேறிச் சத்திரபதி சிவாஜி நிலையத்தில் இறங்கும் தமிழன்பர்கள், அங்கே காவலர் ஒருவர் வாரைப் பிடித்து நடத்திச் செல்லும் மோப்ப நாயைப் பலமுறை கண்டிருப்பார்கள். 2008 நவம்பரில் அதே நிலையத்தில் துப்பாக்கிச் சூடு ஓய்ந்த பின்னர், சிதறிக் கிடந்த மூட்டைகளிடையே இருந்த வெடிகுண்டைக் காட்டிக் கொடுத்தது சீசர் என்னும் லாப்ரடார் நாய். அதற்கு முன்னர், 1993 மார்ச்சில் நகரை உலுக்கிய தொடர் குண்டுவெடிப்புகளை அடுத்து, ஜஞ்சீர் என்னும் மற்றொரு லாப்ரடார் 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தைக் கண்டுபிடிக்க உதவிற்று. அது 2000 நவம்பரில் எலும்புப் புற்றுநோயால் இறந்தபோது, காவல்துறையினர் முழு மரியாதையுடன் அடக்கம் செய்தனர்.

இதனை வெறும் சடங்கென்று எண்ணிவிடலாகாது. பணி முடிந்து திரும்பியதும் நாயைத் துடைத்து, உணவிட்டு, அதன் அருகே சற்று நேரம் அமர்ந்திருப்பது கையாளருடைய நாளின் ஓர் அங்கம். இடிபாடுகளையும் பிணங்களையும் கண்ட கண்கள் அந்த நேரத்தில்தான் சற்றே ஓய்கின்றன. நாய்ப் பிரிவில் இல்லாத ஏனைய காவலர்களுக்கு அந்த ஓய்வு ஏது? வெடிப்பு நிகழ்ந்த தெருவில் காவல் நின்றவரும், எல்லையில் தோழனை இழந்து ஊர் திரும்பிய படைவீரரும் நள்ளிரவில் திடுக்கிட்டு விழிக்கிறார்கள். கூட்டத்தைக் கண்டால் வியர்த்துப் போகிறார்கள். மனைவி மக்களிடம்கூட வாய் திறப்பதில்லை. இத்தகையோர்க்கென்றே நாய்களைப் பழக்கும் முறை ஒன்று உலகில் வளர்ந்து வந்திருக்கிறது.

இதன் வேர் முதல் உலகப் போரில் இருக்கிறது. போரில் கண்ணிழந்த வீரர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்க, 1916-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. உள்ளக் காயத்திற்கும் நாய் உதவக் கூடும் என்ற எண்ணம் பிற்பாடு எழுந்தது. அமெரிக்க நாட்டில் 2021 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இதில் சுவையான வழியைக் கையாண்டது. மனம் நொந்த முன்னாள் படைவீரர்களே நாய்க்குட்டிகளைப் பழக்க வேண்டும். அப்படிப் பழக்குவதே அவர்களுக்குச் சிகிச்சையாகும் என்பது அதன் கருத்து. ஐந்தாண்டுச் சோதனைத் திட்டமாக அது வகுக்கப்பட்டது.

இங்கே இரு வகை நாய்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஆறுதல் நாய் பலருக்குப் பொதுவானது. உரிமையாளருடன் மருத்துவமனைக்கோ காவல் நிலையத்திற்கோ வந்து, தன்னைத் தடவிக் கொடுக்க இசைந்து, சிறிது நேரத்தில் திரும்பிவிடும். துணை நாயோ ஒருவருக்கே உரியது. அவர் கெட்ட கனவில் புலம்பினால் போர்வையை இழுத்து எழுப்பும். கை நடுங்குவதையும் மூச்சு வாங்குவதையும் கண்டால் மடியில் தன் பாரத்தைச் சாய்த்துப் படுக்கும். கூட்டத்தில் அவருக்கும் பிறர்க்கும் நடுவே குறுக்காக நிற்கும்.

இத்தகைய நாயை உருவாக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பிறந்து இரண்டு மாதங்கள் ஆன குட்டியை ஒரு குடும்பத்தில் விட்டு வளர்ப்பார்கள். அங்கே வித்தை எதுவும் பெரிதாகக் கற்பிப்பதில்லை. உலகத்தைக் கண்டு அஞ்சாதிருக்கக் கற்பிப்பார்கள். செம்பூரில் ஒரு குட்டியை அவ்வாறு வளர்ப்பதென்றால் எத்தனை பாடங்கள்! திலக் நகர்க் கணபதி விழாவின் முரசொலி, தீபாவளி வெடி, மின்சார ரயிலின் இரைச்சல், மீன் கூடைகளின் வாசனை, மழைக் காலத்தில் முழங்காலளவு நீர் ஆகிய இவ்வளவுக்கும் நடுவே அது பதறாமல் அமரப் பழக வேண்டும். முதலில் ஒலியைத் தொலைவில் கேட்கச் செய்து, அமைதியாயிருந்தால் ஒரு துண்டு தின்பண்டம். பிறகு சிறிது அருகே. அடித்துப் பழக்கிய நாய் இப்பணிக்கு உதவாது. அச்சத்தால் கீழ்ப்படியும் நாய் அஞ்சும் மனிதனுக்கு எவ்வாறு ஆறுதல் தரும்? பழக்கத் தொடங்கிய குட்டிகளில் பல தேர்வில் கழிந்துவிடுகின்றன. அவை நல்ல வீட்டு நாய்களாகிப் போகும்.

நம்மவர் வீடுகளில் ஒரு தடையுண்டு. வைரவரின் வாகனம் என்று வணங்கினாலும், நாயைத் திண்ணைக்கு அப்பால் விடாமல் வளர்ந்தவர்கள் நாம். துணை நாயோ உரியவர் உறங்கும் அறையில் இருந்தால்தான் பயன். தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் தவறாமல் கொடுத்து, மழை நீரில் பரவும் எலிக் காய்ச்சலுக்கும் காப்பூசி போட்டு, வீடு திரும்பியதும் கால்களைக் கழுவித் துடைத்தால், அந்தத் தயக்கத்திற்குப் பெரிய காரணம் இராது.

பயன் உண்மைதானா? 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், போரதிர்ச்சியால் துன்புற்ற 156 பேர் கலந்து கொண்டனர். துணை நாய் பெற்றோருக்கு மூன்று மாதங்களில் நோயின் கடுமை, பெறாதோரைவிடக் குறைந்து காணப்பட்டது. எனினும் இரு சாராரும் வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தே வந்தனர். மருத்துவரின் இடத்தில் நாயை நிறுத்துதல் தவறு. வீட்டிலொருவர் உறக்கமிழந்து தவித்தால் முதலில் அழைத்துச் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனையே.

பம்பாய்க்கு ஆறுதல் நாய்கள் புதியனவல்ல. 2023 ஜனவரியில் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் பயணிகளின் பதற்றத்தைத் தணிக்க ஒன்பது நாய்கள் கொண்டுவரப்பட்டன. வார இறுதியில் சில மணி நேரமே அவற்றின் பணி. இந்த நேர அளவு மிகவும் இன்றியமையாதது. அடிக்கடி கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக் கொள்ளுதல் ஆகியவை நாய் களைத்ததற்கு அடையாளங்கள்; உடனே அதனை அப்பால் அழைத்துச் சென்றுவிட வேண்டும். கொஞ்ச வருவோர்க்கு இது தெரிவதில்லை.

உழைத்த நாய்க்கும் ஓய்வு வேண்டும். சீசரும் அதன் தோழர்களான மாக்ஸ், சுல்தான், டைகர் ஆகிய மூன்றும் பணியிலிருந்து விலகிய பின் விராரில் ஒரு பண்ணை வீட்டில் வாழ்ந்தன. 2016-ஆம் ஆண்டில் நான்கும் அடுத்தடுத்து இறந்தன. கடைசியாகச் சென்றது சீசர்.