போட்டோவில் ஏன் 'கலரா' தெரியுறோம்? நம்ம நிறத்தை நிறமாவே எடுக்க சில வழிகள்!

குடும்ப விசேஷத்தில் எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் வரும் முதல் கமென்ட் என்ன? "அட, நல்லா கலரா தெரியுறியே!" என்பதுதான். அந்தப் போட்டோவையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். நெற்றியின் பளபளப்பைக் காணோம். கன்னத்து மச்சம் பாதி அழிந்திருக்கும். நல்ல கறுப்பு, வெளிறிய சாம்பலாக மாறியிருக்கும். நீங்கள் எந்த ஃபில்டரும் போடவில்லை. பிறகு யார் செய்த வேலை இது?

கேமரா போடும் கணக்கு

கேமராவுக்கு எதிரில் இருப்பது முகமா, சுவரா, எருமை மாடா என்று அடிப்படையில் தெரியாது. தன் முன் இருக்கும் எல்லாவற்றையும் சராசரியாக்கினால் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்று அது வைத்துக்கொள்கிறது. வெளிச்சத்தில் சுமார் 18 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. கறுப்பான முகம் ஃபிரேமை நிறைத்தால், 'இருட்டா இருக்கே' என்று வெளிச்சத்தை ஏற்றிவிடும். அதே முகம் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால், 'ரொம்ப வெளிச்சம்' என்று இறக்கிவிடும், முகம் நிழலாகிவிடும். இரண்டிலுமே நம் நிறம் வராது.

இன்றைய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்துவிடுகின்றன. ஆனால் பல போன்கள் கண்டுபிடித்த கையோடு அந்த முகத்துக்கு வெளிச்சம் ஏற்றி, தோலையும் வழவழப்பாக்குகின்றன.

'ஷெர்லி' கதை தெரியுமா?

இது போன் காலத்துப் பிரச்னை இல்லை. ஃபிலிம் காலத்தில், 1950-களில் இருந்து கோடக் நிறுவனம் லேப்களுக்கு ஓர் அட்டையை அனுப்பியது. அதில் வெள்ளைத்தோல் கொண்ட ஒரு பெண்ணின் படம் இருக்கும். அந்த முகம் சரியாக அச்சானால் மெஷின் சரி என்று அர்த்தம். அந்த அட்டைக்கு 'ஷெர்லி கார்டு' என்றே பெயர். அந்தக் கணக்கில் கறுப்பு முகங்களுக்கு இடமே இல்லை.

ஃபிலிமை மாற்றச் சொல்லி அழுத்தம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும்! மில்க் சாக்லேட்டுக்கும் டார்க் சாக்லேட்டுக்கும் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர்கள் புகார். மேஜைக்குக் கிடைத்த கவனம் மனிதர்களுக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது.

2021-ல் கூகுள், பிக்ஸல் 6 போனில் 'ரியல் டோன்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. 2022-ல் ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் உருவாக்கிய 10 நிற அளவுகோலை வெளியிட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்காகப் புது போன் வாங்க வேண்டியதில்லை. கையில் இருப்பதிலேயே செய்யலாம்.

சரி, என்ன செய்யலாம்?

* முதலில் பியூட்டி மோடை ஆஃப் செய்யுங்கள். சில போன்களில் செல்ஃபி கேமராவுக்கு அது தானாகவே ஆன் ஆகியிருக்கும். செட்டிங்ஸில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

* முகத்தைத் தொட்டு, அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸ் லாக் ஆகும். பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். நெற்றியிலும் மூக்கின் மேலும் வெளிச்சம் வெள்ளைத் திட்டாகாமல், தோல் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கும் கீழே இறக்கினால் நிழல் பகுதியில் புள்ளி புள்ளியாக வரும்.

* ஜன்னலைப் பக்கவாட்டில் வையுங்கள். கறுப்புத் தோலின் அழகு அதில் விழும் மினுமினுப்பில்தான் இருக்கிறது. கன்ன எலும்பு, தாடை எல்லாம் அந்த மினுமினுப்பால்தான் வடிவம் பெறுகின்றன. நேர் ஃப்ளாஷ் அதைத் தட்டையாக்கிவிடும். திண்ணை, வாசற்படி, மர நிழல் எல்லாமே நல்ல ஸ்டுடியோதான். மறுபக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால், ஒரு வெள்ளை வேட்டியையோ தெர்மாகோல் அட்டையையோ பிடிக்கச் சொல்லுங்கள்.

* வெள்ளைச் சுவரைத் தவிருங்கள். செங்கல், பச்சைக் கதவு, வாழைத் தோப்பு... இவற்றின் முன்னால் நிற்கவைத்தால் கேமரா குழம்பாது.

* எடிட்டிங்கில் 'பிரைட்னஸ்' பக்கம் போகாதீர்கள். 'ஹைலைட்ஸ்' கொஞ்சம் குறைத்து, நிறம் நீலமாகத் தெரிந்தால் 'வார்ம்த்' கொஞ்சம் ஏற்றினால் போதும்.

"எல்லாம் சரி, எடுக்கச் சொன்னவங்களே 'கொஞ்சம் பிரைட் பண்ணுங்க'ன்னு கேட்டா?" கேட்பார்கள்தான். வரன் பார்க்க அனுப்பும் போட்டோவில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா? ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவில் பென்சில் பிடித்த காலத்தில் இருந்தே இது உண்டு. வாதம் செய்யாதீர்கள். முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழும்படி எடுத்து, அந்தப் படத்தையும் காட்டுங்கள். பலர் கேட்பது வெள்ளையை இல்லை, களையை. முடிவு அவர்களுடையது, முகம் அவர்களுடையது.

இதுதான் ஸ்டைலும்!

'எனக்குன்னு ஒரு ஸ்டைல் வேணும்' என்று பலர் ப்ரீசெட் தேடுகிறார்கள். ப்ரீசெட் யாரோ ஒருவருடைய முடிவு. கேமரா தானாகச் செய்வதில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்பதைத் திரும்பத் திரும்ப முடிவு செய்யும்போதுதான் உங்கள் ஸ்டைல் பிறக்கிறது. ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் தன் பெரும்பாலான படங்களை ஒரே 50 எம்எம் லென்ஸில்தான் எடுத்தார். குறைவான வசதி, நிறைய கவனம்.

ஒரு சின்னப் பயிற்சி: ஒரே ஆள், ஒரே ஜன்னல், நான்கு வாரம். வாரம் 10 படம் எடுத்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அந்த நான்கையும் பிரின்ட் போட்டு வரிசையாக வையுங்கள். வெளிச்சத்தை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பது அதிலேயே தெரியும்.

அந்த ஒரே ஆளாக உங்கள் வீட்டுப் பெரியவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஒருநாள் அந்தப் படத்துக்கு மாலை போட வேண்டி வரும். அப்போது சுவரில் இருப்பது அப்பத்தாவின் முகமாக, அப்பத்தாவின் நிறத்திலேயே இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் தங்கள் கையை அந்தப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'என் கலர்' என்று சொல்ல வேண்டாமா?